வெந்நீர்க் குண்டா

போன கார்த்திகை ஒண்ணாம் தேதி காலையில், எங்கள் மொதலாளி கனகசபாபதி எங்கள் பட்டறையில் கிரைண்டிங் மெஷின் ஓட்டுகிற நாச்சிமுத்துவின் காலில் விழுந்தார்.

அவருக்கு வயசு ஐம்பத்தாறு. நாச்சிமுத்துவுக்கு முப்பத்தைந்து. முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் "டேய் நாச்சி, எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று கத்திக்கொண்டிருந்த மனுஷன் அவர்.

ஐயப்பன் மலையில் அப்படி ஒரு முறை. வயசும் சொத்தும் அங்கே செல்லாது. எத்தனை தடவை மலை ஏறினாய் என்பதுதான் பேச்சு. நாச்சிமுத்து பன்னிரண்டு வயசில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போக ஆரம்பித்தவன். இருபத்து மூன்று மலை ஏறியாயிற்று. அவன்தான் எங்கள் குழுவுக்குக் குருசாமி.

மொதலாளிக்கு இதுதான் முதல் மலை. மகளுக்குப் பிரசவத்தில் உயிர் போய் உயிர் வந்தது. தாயும் பேத்தியும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தால் காட்டு வழிப் பெரிய பாதையில் நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். வந்து சேர்ந்தார்கள். நாச்சிமுத்து கையால் மாலை போட்டுக்கொண்டார்.

மாலை போட்டால் எல்லோரும் சாமிதான். இது மொதலாளிக்குத்தான் ரொம்பச் சிரமமாகப் போயிற்று. "ஏஞ்சாமி, மெஷினை ஆஃப் பண்ணாம எந்தச் சாமி டீக்குப் போனது?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். நாங்கள் மெஷினுக்குப் பின்னால் குனிந்து சிரிப்போம்.

சிரிப்பெல்லாம் கார்த்திகை இருபது வரைக்கும்தான்.

கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் இருக்கிறது எங்கள் பட்டறை. மோட்டார் பம்புக்குள் சுழல்கிற ஷாஃப்ட் செய்கிறோம். அன்றைக்கு முன்னூறு ஷாஃப்ட் திரும்பி வந்துவிட்டது. பேரிங் ஏறவில்லை என்றார்கள். தலைமுடியில் பாதி அளவுக்குத் தடிமன் கூடியிருந்தது.

ஷாஃப்ட்டைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருகிற கிரைண்டிங்கில் நாங்கள் ஆறு பேர். நாச்சிமுத்து, வெள்ளிங்கிரி அண்ணன், நான், இன்னும் மூன்று பேர். மொதலாளி எங்களை வரிசையாக நிறுத்தினார்.

"கேஜ் பொய் சொல்லாது சாமிகளா. ஆளுதான் பொய் சொல்லுவான். யாரு?"

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அந்தக் கேஜைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஷாஃப்ட்டின் தடிமன் சரியா என்று பார்க்கிற இரும்புக் கவை அது. அதன் வாயில் ஷாஃப்ட் நுழைந்தால் சரி. நுழையாவிட்டால் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். மொதலாளியின் அப்பா பட்டறை ஆரம்பித்தபோது வாங்கியது. 'பெரியவரு கேஜ்' என்போம். மரப்பெட்டிக்குள் பட்டுத்துணி மேல் படுத்திருக்கும். ஆயுத பூஜைக்கு முதல் சந்தனமும் முதல் குங்குமமும் அதற்குத்தான்.

அது தேய்ந்துவிட்டது. வாய் அகன்று, தடித்த ஷாஃப்ட்டையும் சரி என்று உள்ளே விட்டது. எங்கள் ஆறு பேருக்கும் இது தெரியும். ஆடி மாசத்திலேயே தெரியும்.

சொல்லத்தான் ஆள் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் வெள்ளிங்கிரி அண்ணன் ஒரு தரம் போய், மெஷினில் என்னவோ சத்தம் வருகிறது என்று சொன்னார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினார் மொதலாளி. வெள்ளிங்கிரி அண்ணனுக்கு அறுபத்திரண்டு வயசு. பெரியவர் கையால் வேலை கற்றவர். அன்றைக்கு மூடிய வாயை அப்புறம் திறக்கவே இல்லை. மெஷினுக்கே அந்தப் பாட்டு என்றால், அப்பாவின் கேஜைக் குத்தம் சொன்னால் என்ன ஆகும்?

மொதலாளி கழுத்து மாலையைக் கையால் பிடித்துக்கொண்டார். விரதம். கத்தவில்லை.

"மலைக்குப் போய்ட்டு வந்து மாலையைக் கழட்டினதும் எனக்குப் பேரு வேணும். வரலைன்னா ஆறு பேரும் வேற பட்டறை பாத்துக்குங்க."

வெள்ளிங்கிரி அண்ணனை இந்த வயசில் எந்தப் பட்டறை சேர்த்துக்கொள்ளும்? அன்றைக்கு மத்தியானம் அவர் சோற்றுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

மார்கழி பிறந்து எருமேலியில் இருந்து நடக்க ஆரம்பித்தோம். கிரைண்டிங் ஆட்கள் ஆறு பேரும் மொதலாளியும் சேர்த்துப் பதினாலு பேர். தலையில் இருமுடி, காலில் செருப்புக் கிடையாது. மொதலாளி முதல் ஆளாக விறுவிறுவென்று போனார். நாச்சிமுத்து கடைசி ஆளாக, முதுகில் அலுமினியக் குண்டாவைக் கட்டிக்கொண்டு வந்தான்.

ஒரு திருப்பத்தில் மொதலாளி நின்று கேட்டார்.

"ஏனுங்க குருசாமி, நீங்க முன்னால வர வேண்டாமுங்களா?"

"இங்கிருந்தாத்தானுங்க சாமி எல்லாரும் தெரியறாங்க."

சாயங்காலம் அழுதை ஆற்றங்கரையில் தங்கினோம். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் நாச்சிமுத்து கேட்டான்.

"யாருக்காவது காலுல தொந்தரவு இருக்குதுங்களா சாமி?"

"இல்லை சாமி!"

பதிமூன்று பேரும் ஒரே குரல். நானும்தான். என் குதிகால் வெடிப்பில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அவன் அந்தப் பதிலைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. மூன்று கல்லைக் கூட்டி, குண்டாவில் தண்ணீர் காய்ச்சி, ஒரு கைப்பிடி உப்பைப் போட்டான். தோளில் துண்டு. முதல் ஆள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காலை எடுத்து வெந்நீரில் வைத்துக் கழுவினான். விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துத் துடைத்தான். அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டான்.

"ரொம்ப நன்றிங்க சாமி."

அடுத்த ஆள். அதற்கடுத்து நான். என் வெடிப்பைப் பார்த்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசினான். "ரொம்ப நன்றிங்க சாமி."  என் கலியாணத்துக்குப் பாதபூஜை செய்த மச்சினன்கூட அவ்வளவு பதமாகத் தொட்டதில்லை.

மொதலாளி முறை வந்தது. அவர் துள்ளி எழுந்தார்.

"சாமி, சாமி! என்ன காரியமுங்க இது? குருசாமி முன்னால நான் காலை நீட்டறதா? பாவம் வந்து சேரும்."

சொல்லிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக அவன் காலில் விழுந்தார்.

"சரிங்க சாமி" என்று நாச்சிமுத்து குண்டாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

எல்லாம் முடிந்து கஞ்சி குடிக்கிறபோது மொதலாளி மெல்லக் கேட்டார்.

"ஒரு சந்தேகமுங்க குருசாமி. கழுவறதும் நீங்க, நன்றி சொல்றதும் நீங்க. தலைகீழால்ல இருக்குது?"

"கஞ்சி ஆறுதுங்க சாமி. குடிங்க."

மறுநாள் கரிமலை ஏற்றம். அந்த ஏற்றத்தில் யாருக்கும் பேச்சு வராது. மூச்சுத்தான் வரும். காலையில் முதல் ஆளாகப் போன மொதலாளி, மத்தியானத்துக்குள் நடு ஆளாகி, அப்புறம் கடைசியில் நாச்சிமுத்து பக்கத்துக்கே வந்து சேர்ந்தார். நான் அவர்களுக்கு நாலு அடி முன்னால் போய்க்கொண்டிருந்தேன்.

"என்ற பட்டறையில முப்பது பேரு" என்றார் மொதலாளி. "இருபது வருஷமாக் கத்தறேன். ஒருத்தனும் மனசோட கேக்கறதில்லை. நீங்க ஒரு அதட்டல் போட்டு நான் பாக்கலை. எல்லாரும் கட்டுப்படறாங்க. என்ன மந்திரமுங்க?"

"எனக்கு யாருங்க கட்டுப்படறாங்க? போன வருஷம் ஒரு சாமி, அல்லாரும் கஞ்சி குடிக்கறப்ப எனக்குத் தெரியாம ஆறு பரோட்டா தின்னுட்டு வந்தாரு."

அது நான்தான். தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

ஒரு திருப்பம் தாண்டினோம். அப்புறம் மொதலாளி குரல் மாறியது.

"குருசாமி. கழுத்துல மாலையோட கேக்கறேன். அந்த ஷாஃப்ட் எப்படிக் கெட்டதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நான் நடையைக் குறைத்துக் காதைக் கொடுத்தேன்.

"தெரியுமுங்க சாமி."

"சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டனுங்க."

"குருசாமி மறைக்கலாமா?"

"மறைச்சிருந்தா தெரியாதுன்னு சொல்லியிருப்பனுங்க."

"மூணு நாள்ல மாலையைக் கழட்டிருவேன். பொறவு நான் மொதலாளி."

"ஆமாங்க சாமி. நான் நாச்சி."

மொதலாளி வெடுக்கென்று என்னைத் தாண்டி மேலே ஏறினார். பத்து அடி போயிருப்பார். இடது கால் மடங்கியது. ஒரு மரவேரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்றார். "சித்த நேரத்துல சரியாயிரும்."

நாச்சிமுத்து இருமுடியை என்னிடம் கொடுத்தான். குண்டாவை அவிழ்த்துக்கொண்டு மேலே இருந்த சுக்குத்தண்ணிக் கடைக்கு ஓடினான். வெந்நீரோடு வந்து மொதலாளி முன்னால் குத்துக்காலிட்டான். தோளில் துண்டு.

"வேண்டாமுங்க சாமி."

அவன் உட்கார்ந்தே இருந்தான். சரணம் சொல்லிக்கொண்டு வேறு குழுக்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. தண்ணீர் ஆறிப் போயிற்று. எழுந்து போய் அதைக் கொட்டிவிட்டு வேறு வெந்நீர் வாங்கிக்கொண்டு வந்தான். மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தான்.

மொதலாளி எங்களை எல்லாம் ஒரு தடவை பார்த்தார். அப்புறம் இடது காலை நீட்டினார்.

உள்ளங்காலில் முள் ஒடிந்து உள்ளே நின்றிருந்தது. சுற்றிலும் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. நாச்சிமுத்து தன் துண்டில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றித் தீக்குச்சியில் காட்டி, முள்ளைக் கெல்லி எடுத்தான். மொதலாளி அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எப்பத்துல இருந்துங்க சாமி?"

"நேத்துக் காலையில. எருமேலி தாண்டினதுமே."

நாச்சிமுத்து சீழைத் துடைத்தான்.

"நீங்க கேட்டீங்க. நான்தான் இல்லைன்னேன்." மொதலாளிக்குக் குரல் உடைந்தது. "சொன்னா ஜீப்புல ஏத்திப் பம்பைக்கு அனுப்பிருவீங்கன்னு பயந்துட்டேன் சாமி. நடந்து வர்றேன்னு வேண்டினது. தவறினா என்ற பேத்திக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு…"

 எங்கள் எல்லோர் முன்னாலும் அந்த மனுஷன் விசும்பி அழுதார். இருபது வருஷத்தில் அவர் கண்ணில் நான் கோபத்தைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை.

"கேட்டா நானும் சொல்லியிருக்க மாட்டனுங்க சாமி" என்றான் நாச்சிமுத்து. காயத்தில் மஞ்சளை வைத்துத் துணியால் கட்டினான். "ஜீப்பெல்லாம் வேண்டாமுங்க. மெதுவாப் போலாம். நாங்க அல்லாரும் உங்க நடைக்கு நடக்கறோம்."

அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டான்.

"ரொம்ப நன்றிங்க சாமி."

எதற்கு நன்றி என்று மொதலாளி இந்தத் தடவை கேட்கவில்லை.

அரை நாள் தாமதமாகப் பம்பை போய்ச் சேர்ந்தோம். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. மொதலாளி முழுக்க நடந்தே வந்தார். பதினெட்டாம் படியில் ஏறும்போது பேத்தி பெயரைச் சொல்லிச் சொல்லி ஏறினார். திரும்பி வரும்போது வேனில் ஜன்னல் பக்கமாகத் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலையைக் கழற்றினோம். திங்கட்கிழமை காலை எட்டு மணி. கிரைண்டிங் ஆட்கள் ஆறு பேரும் மெஷினைப் போடாமல் நின்றோம். வெள்ளிங்கிரி அண்ணன் தன் அளவுகோலையும் டப்பாவையும் பையில் எடுத்து வைத்துவிட்டார். போகச் சொன்னால் போக வேண்டியதுதானே.

மொதலாளி நொண்டிக்கொண்டே வந்தார். வழக்கமாக நேரே ஆபீஸ் ரூமுக்குப் போவார். அன்றைக்கு எங்களிடம் வந்தார்.

"வணக்கமுங்க மொதலாளி" என்றான் நாச்சிமுத்து. மாலை போனதும் சாமியும் போயிற்று.

அவர் ஆறு பேர் முகத்தையும் பார்த்தார். பேர் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார். வெள்ளிங்கிரி அண்ணன் மெஷின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

கிரைண்டிங் மெஷினுக்கு அடியில் ஒரு தட்டு உண்டு. தண்ணீரும் எண்ணெயும் இரும்புத் தூளும் சேர்ந்து அதில் கறுப்புச் சேறாகக் கிடக்கும். நாற்றம் குடலைப் பிடுங்கும். அதை அள்ளுகிற வேலையை நாங்கள் ஒருத்தர் தலையில் ஒருத்தர் கட்டப் பார்ப்போம். மொதலாளி அந்தத் தட்டை இழுத்து வைத்துக் கையாலேயே அள்ள ஆரம்பித்தார்.

"ஐயோ மொதலாளி, நீங்க போயி…" என்று வெள்ளிங்கிரி அண்ணன் பதறினார்.

"இருக்கட்டுமுங்கண்ணா."

அண்ணா! பெரியவர் காலத்தில், பள்ளிக்கூடம் விட்டு வந்து பட்டறையில் விளையாடுகிறபோது அப்படித்தான் கூப்பிடுவாராம். மொதலாளி நாற்காலியில் உட்கார்ந்த பிறகு நாங்கள் கேட்டதே இல்லை.

முதல் தட்டு முடிந்தது. இரண்டாவது முடிந்தது. அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எங்களுக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை, ஆளுக்கொரு பக்கெட்டை எடுத்துக்கொண்டு சேற்றைச் சுமந்தோம்.

மூன்றாவது தட்டில் வெள்ளிங்கிரி அண்ணன் போய் அவர் பக்கத்தில் தானும் குத்துக்காலிட்டார்.

"மொதலாளி…"

"சொல்லுங்கண்ணா." தலை நிமிரவில்லை. கை சேற்றில்தான் இருந்தது.

"பெரியவரு கேஜ் தேஞ்சு போச்சுங்க."

 மொதலாளிக்கு முதலில் காது மடல் சிவந்தது, அப்புறம் கழுத்து. அந்தச் சிவப்பு எங்களுக்குத் தெரியாததா? அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும். வாயைத் திறந்தார். மூடினார். கறுத்துப் போன தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பத்துல இருந்துங்கண்ணா?"

"ஆடியில இருந்துங்க. எனக்குத்தான் மொதல்ல தெரிஞ்சது. நான்தான் சொல்லலை. மத்தவங்களை ஒண்ணும் பண்ணிராதீங்க." 

மொதலாளி எழுந்து போய்க் கையைக் கழுவினார். மரப்பெட்டியைத் திறந்து கேஜை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆயுத பூஜைக் குங்குமம் இன்னும் அதன் முதுகில் ஒட்டியிருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது வீட்டுல சாமி ரூம்ல இருக்கட்டும். வேலைக்கு வேற வாங்கிக்கலாம். எல்லாரும் மெஷினைப் போடுங்க."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. போய் மெஷினைப் போட்டேன்.

வெள்ளிங்கிரி அண்ணன் பையைப் பிரித்து, அளவுகோலை எடுத்து மறுபடியும் மெஷின் மேல் வைத்தார். எதையும் ஓட்டாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

மொதலாளி நாச்சிமுத்துவின் மெஷினுக்கு வந்தார். என் மெஷின் பக்கத்தில்தான். ரொம்ப மெல்லப் பேசினார்.

"மலையிலேயே சொல்லியிருந்தீன்னா, ஆறு குடும்பமும் இத்தனை நாள் நிம்மதியாச் சோறு தின்னிருக்குமேப்பா."

"இந்தக் கேஜுக்கு நான் சொல்லிரலாமுங்க" என்றான் நாச்சிமுத்து. "அடுத்தது தேயறப்ப உங்ககிட்ட யாருங்க வருவாங்க?"

மொதலாளிக்குக் கண் நிறைந்துவிட்டது. கழுவியும் கறுப்புப் போகாத இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"ரொம்ப நன்றிங்க சாமி."

கழுத்தில் மாலை இல்லை. ஆனாலும் சாமி என்றுதான் சொன்னார்.

நாச்சிமுத்து மெஷினை நிறுத்தினான். வெள்ளிங்கிரி அண்ணன் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கு எதுக்குங்க மொதலாளி? பயத்தை விட்டுக் காலை நீட்டுனவரு அங்க நிக்கிறாருங்க."